சிங்கப்பூரிலிருந்து முதல் கப்பல் பயணம்: கேபின் முதல் கைப்பை வரை

கேள்வி: மே மாதக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு (மலேசியா), புக்கெட் (தாய்லாந்து) போய்த் திரும்பும் நான்கு இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியிருக்கிறோம். சென்னையிலிருந்து ஐந்து பேர். அப்பாவுக்கு 71 வயது, முட்டிவலி. அம்மா சுத்த சைவம், பஸ்ஸில் ஏறினாலே குமட்டும். பையனுக்கு 8 வயது. கேபின் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. என்னென்ன எடுத்துப்போக வேண்டும், எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

பதில்: நடுவில் இருக்கிற நாட்களுக்காக நீங்கள் பெரிதாகத் தயாராக வேண்டியதில்லை. சாப்பாடு, பொழுதுபோக்கு, அறை சுத்தம் எல்லாம் அது பாட்டுக்கு நடக்கும். இதே தடத்தில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன், ஒரு முறை மாமனார் மாமியாரோடு. இரண்டு முறையும் திண்டாடியது ஏறுகிற நாளிலும் இறங்குகிற நாளிலும்தான். அதனால் அந்த இரண்டு நாட்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

கேபின் இன்னும் எடுக்கவில்லை என்கிறீர்களே, அதுவே நல்லது. அம்மாவின் குமட்டலுக்குப் பாதி மருந்து அங்கேதான் இருக்கிறது. கப்பலைப் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையில் உட்கார்ந்தவருக்குத்தான் ஏற்ற இறக்கம், நடுவில் இருப்பவருக்கு அவ்வளவு தெரியாது. உயரத்துக்கும் இதே கணக்கு: மேல் தளங்களில் ஆட்டம் அதிகம், கீழே குறைவு. ஆகவே அப்பா அம்மாவுக்குக் கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில், ஜன்னல் வைத்த கேபின் எடுங்கள். பால்கனி கேபின்கள் பெரும்பாலும் மேலே இருக்கும், காசும் கூட. நான்கு இரவுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். ஜன்னல் ஏன் என்றால், தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே குமட்டல் அடங்கும். உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு “ஆடுகிறோம்” என்று சொல்கிறது, கண் “அறை அசையவே இல்லை” என்கிறது. இந்த இரண்டுக்கும் நடக்கிற சண்டைதான் குமட்டல். வெளியே பார்த்தால் கண்ணும் காதோடு ஒத்துப்போய்விடும்.

நீங்கள் மூன்று பேரும் ஜன்னலில்லாத உள் கேபினில் தாராளமாக இருக்கலாம். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, பகல் இரவு தெரியாது. பையன் பயந்தால் டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடும் சேனலைச் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள், விடிவிளக்கு ஆயிற்று. ஒரு எச்சரிக்கை: “எந்த அறையோ நாங்களே ஒதுக்குவோம்” என்று மலிவாக ஒரு வகை விற்பார்கள். வயதானவர்கள் கூட வரும்போது அது வேண்டாம். தளப் படத்தைப் பார்த்து லிஃப்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளி எடுங்கள். பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம். கடைசி அறை கிடைத்தால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அப்பா ஒரு தெரு நடக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு மேலும் கீழும் உள்ள தளங்களில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தலைக்கு மேல் நீச்சல் குளத் தளம் வந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும்.

குமட்டலைப் பற்றி இன்னும் கொஞ்சம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலேசியா, மறு பக்கம் சுமத்ரா. இரண்டு கரையும் அணைத்துக்கொள்வதால் பெரிய அலை எழ இடமில்லை. கப்பலின் இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் வேறு இருக்கின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கியவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் பினாங்கைத் தாண்டி புக்கெட் பக்கம் போனால் அந்தமான் கடல், திறந்த வெளி. நீங்கள் போவது மே கடைசி, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிற நேரம். அந்த ஓர் இரவில் ஆட்டம் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே போங்கள்.

மாத்திரை விஷயத்தில் எல்லாரும் செய்கிற தப்பு, வாந்தி வந்த பிறகு போடுவது. ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டால்தான் பலன். நம் மருந்துக் கடைகளில் கிடைக்கிற அவோமின், ஸ்டுஜெரான் இரண்டும் இதற்குத்தான், இரண்டுமே தூக்கம் வரவழைக்கும். கண் அழுத்தம், சிறுநீர் பிரச்சினை உள்ள பெரியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் சில நேரம் ஒத்துக்கொள்ளாது. எனவே உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். அப்புறம் இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட். என் மாமியாருக்கு மாத்திரையைவிட அதில்தான் நம்பிக்கை, எனக்கும்தான். வெறும் வயிறு ஆகாது. பிஸ்கட், ரொட்டி, தயிர்சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இனி காகிதங்கள். பாஸ்போர்ட் பயணம் முடியும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். சிங்கப்பூருக்கு நீங்கள் இரண்டு முறை நுழைகிறீர்கள்: விமானத்தில் ஒரு முறை, கப்பலில் திரும்பும்போது ஒரு முறை. பலரும் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சிங்கப்பூரின் மின்னணு வருகை அட்டையையும் இரண்டு முறை நிரப்ப வேண்டும், ஒவ்வொரு வருகைக்கும் முந்தைய மூன்று நாட்களுக்குள். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கிற இணையதளம் வந்தால் அது குடிநுழைவுத் துறையுடையது அல்ல, மூடிவிடுங்கள். மலேசியாவும் தாய்லாந்தும்கூட இப்போது மின்னணு வருகை அட்டை வைத்திருக்கின்றன. அந்த நாடுகள் இந்தியர்களுக்கான விசா விதியை அடிக்கடி மாற்றுவதால், கப்பலில் வருபவர்களுக்கு என்ன தேவை என்று கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் கப்பல் நிறுவனத்திடமே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தாள் குறைந்தாலும் துறைமுகக் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் வராது.

பெரியவர்களின் மருந்துகளை மருந்துச்சீட்டோடு, அட்டையிலிருந்து பிரிக்காமல் எடுத்து வாருங்கள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்ற சிலவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படும். அப்பாவின் மாத்திரைப் பட்டியலை அவர்கள் தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள். குடும்பத்தில் யாராவது மின் சிகரெட் பிடிப்பவராக இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், சிங்கப்பூரில் அதற்குத் தடை.

சென்னையிலிருந்து ராத்திரி விமானம் பிடித்து, காலையில் இறங்கி, மதியம் கப்பல் ஏறலாம் என்று ஒரு ஆசை வரும். வேண்டாம். விமானம் நான்கு மணி நேரம்தான், ஆனால் அது தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே பதிவை மூடிவிடுவார்கள். முந்தின நாளே போய் ஒரு இரவு தங்குங்கள். சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல்களுக்கு இரண்டு முனையங்கள் உண்டு. ஒன்று மரினா பே குரூஸ் சென்டர், பக்கத்து ரயில் நிலையம் மரினா சவுத் பியர். மற்றொன்று ஹார்பர்ஃபிரண்ட்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். டாக்சிக்காரரிடம் வெறுமனே “குரூஸ் சென்டர்” என்றால் எதில் கொண்டுபோய் விடுவார் என்று சொல்ல முடியாது. டிக்கெட்டில் இருக்கிற முழுப் பெயரைக் காட்டுங்கள்.

முனையத்துக்குள் நுழைந்ததுமே பெரிய பெட்டிகளுக்கு அட்டை கட்டி வாங்கிக்கொள்வார்கள். அவை எப்போது உங்கள் கேபின் வாசலுக்கு வரும்? சில நேரம் மூன்று மணிக்கு, சில நேரம் இரவு எட்டுக்கு. மாமியாரின் சர்க்கரை மாத்திரையும் மூக்குக்கண்ணாடியும் பெட்டிக்குள் போய்விட்டன. மதியச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியது. வரவேற்பு மேஜைக்கும் கேபினுக்குமாக நான் மூன்று நடை நடந்து, பெட்டி கைக்கு வந்தபோது மணி ஏழு. அதனால் பாஸ்போர்ட், இரண்டு நாள் மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி, பையனுடைய நீச்சல் உடை இவ்வளவும் தோளில் தொங்குகிற பையில் இருக்கட்டும். நீச்சல் உடையை ஏன் சொல்கிறேன் என்றால், குளத்தைப் பார்த்த பிறகு எட்டு வயதுப் பிள்ளை பெட்டி வரும்வரை காத்திருக்காது.

அப்பாவுக்கு முனையத்தில் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். “நான் என்ன நொண்டியா?” என்று அவர் கோபிக்கக்கூடும். ஆனால் வரிசை நீளம், நிற்கிற நேரம் அதிகம்.

ஏறியதும் கப்பல் கிளம்புமுன் பாதுகாப்பு ஒத்திகை ஒன்று நடக்கும். முன்பெல்லாம் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கோர்டியா கப்பல் பாறையில் மோதியபோது, அன்று மாலை ஏறியவர்களுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன்பின் சர்வதேச விதியைத் திருத்தி, 2015 முதல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். இப்போது பல கப்பல்களில் போனிலோ டிவியிலோ படம் பார்த்துவிட்டு, உங்களுக்குரிய கூடுமிடத்துக்குப் போய்க் கேபின் அட்டையைக் காட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி என்பது அபாய அறிவிப்பு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்த இடம் வரை நடந்து பாருங்கள். அபாய நேரத்தில் லிஃப்ட் இருக்காது என்பதால், அவருக்குப் படி ஏறுவது கஷ்டம் என்று அங்கேயே ஊழியரிடம் சொல்லி வைப்பது நல்லது.

சரி, பெட்டிக்குள் என்ன வைப்பது? எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு பிளாஸ்டிக் மக். சிரிக்காதீர்கள். பெரும்பாலான கப்பல்களின் கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சும் குழாய் கிடையாது, காகிதம் மட்டும்தான். ஐந்து நாள், அதுவும் பெரியவர்கள். சிறிய மக் ஒன்று, அல்லது அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் பயணப் பாட்டில் ஒன்று எடுத்துக்கொண்டால் அந்தக் கவலை தீர்ந்தது. குளியலறை நம் பூஜை அலமாரி அளவுதான் இருக்கும். வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு வேறு. ராத்திரி எழுந்து போகும்போது அப்பா அதில் இடறாமல் இருக்க, முதல் நாளே காட்டிவிடுங்கள். படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவில் சின்ன பேட்டரி விளக்கு ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. கழிப்பறை, காற்று உறிஞ்சும் முறையில் வேலை செய்கிறது. ஈரத் துடைப்பான், நாப்கின் எதையாவது போட்டால் உங்கள் வரிசைக் கேபின்கள் எல்லாமே அடைத்துக்கொள்ளும்.

கேபின் சுவர்கள் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலு வாங்கிப் போனால் தொப்பி, பை, ஈர நீச்சல் உடை எல்லாம் சுவரில் தொங்கும், தரை காலியாக இருக்கும். இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, சாம்பிராணி, தண்ணீர் கொதிக்க வைக்கும் எதுவும் கொண்டுபோகக் கூடாது. கடலில் தீதான் பெரிய பயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பல கப்பல்களில் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். உலகப் பொது அடாப்டர் ஒன்றும், நாலு யு.எஸ்.பி. ஓட்டை உள்ள சார்ஜர் ஒன்றும் போதும். உள்ளே ஏ.சி. விறைக்கும், அரங்கத்தில் இன்னும் மோசம். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ வேண்டும். ஒரு மாலை நல்ல உடுப்பில் வரச் சொல்வார்கள். அதற்காகக் கோட்டு தைக்கப் போகாதீர்கள். அம்மாவின் பட்டுப்புடவையும் அப்பாவின் பட்டு வேட்டி சட்டையும் போதும், கப்பலில் பாதிப் பேர் கூட நின்று போட்டோ எடுக்க வருவார்கள்.

அம்மாவின் சாப்பாடு. இந்தத் தடத்தில் இந்தியப் பயணிகள் ஏராளம் என்பதால் சைவத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் “இந்தியச் சைவம்” என்று பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் இரவு உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் நேரில் ஒரு முறை சொல்லிவிட்டால், மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று அவரே கேட்டுச் செய்து தருவார். கரையில்தான் கவனம் தேவை. பினாங்கில் காய்கறி என்று வருகிற தட்டில் பெலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கக்கூடும். தாய்லாந்தில் மீன் சாறு இல்லாத குழம்பே அபூர்வம். அங்கே மஞ்சள் பின்னணியில் சிவப்பாகத் தாய்லாந்து எழுத்து எழுதிய கொடி தொங்கினால் அந்தக் கடை சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. வீட்டில் செய்த புளிசாதம், இட்லியெல்லாம் கப்பலுக்குள் பொதுவாக விடமாட்டார்கள். மூடி முத்திரையிட்ட ஊறுகாய், பருப்புப் பொடி, இன்ஸ்டன்ட் காபி பொட்டலம் பரவாயில்லை. காபியைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், கப்பல் காபியை என்னால் மன்னிக்க முடியவில்லை. கப்பலிலிருந்து பழம், சாண்ட்விச் என்று கரைக்கு எடுத்துப்போவதும் கூடாது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவுகிற நோரோவைரஸ் என்கிற வயிற்றுப்போக்குக் கிருமிக்கு வாசலில் வைத்திருக்கும் சானிட்டைசர் அவ்வளவாக வேலை செய்யாது.

கப்பல் கிளம்பியதும் ஐந்து போனையும் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். கப்பலிலேயே செயற்கைக்கோள் வழியாக ஒரு செல்போன் வலையமைப்பு இருக்கும். உங்கள் சிங்கப்பூர், மலேசியா ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. அப்பா போன் தானாக அதில் ஒட்டிக்கொண்டு நாலு வாட்ஸ்அப் வீடியோ இறக்கினால் ஊருக்கு வந்ததும் பில் காத்திருக்கும்.

பணம். அமெரிக்க நிறுவனக் கப்பல் என்றால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பினாலும் உள்ளே கணக்கு பெரும்பாலும் அமெரிக்க டாலரில்தான். பணியாளர் டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 16 முதல் 20 டாலர் தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. ஐந்து பேருக்கு நான்கு இரவுக்கு 320 முதல் 400 டாலர். டிக்கெட்டில் இது அடங்கியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் செலவழிக்காத பணத்தையும் சில நாள் முடக்கி வைப்பார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணமும், கப்பலிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் செலவும் அடங்குமா என்று கேளுங்கள். கப்பல் மருத்துவரைப் பார்த்தால் முதலில் நீங்களே கட்டிவிட்டு அப்புறம்தான் காப்பீட்டில் கேட்க வேண்டும்.

இரண்டு ஊரில் பினாங்கு உங்களுக்குச் சுலபம். கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையோடு ஒட்டியே நிற்கும். இறங்கினால் விக்டோரியா மணிக்கூண்டு, கார்ன்வாலிஸ் கோட்டை, அதைத் தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. முட்டிவலிக்கு மூன்று சக்கர ரிக்‌ஷா இருக்கிறது. குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோவில் இருக்கிறது. அம்மாவுக்கு அங்கே வழி கேட்கக்கூட மலாய் தேவைப்படாது. நடை சாத்துகிற நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குக் கப்பல் விற்கிற சுற்றுலா வேண்டாம், நீங்களே போகலாம்.

புக்கெட்டில் அப்படியில்லை. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்கு அனுப்பும். அலையில் படகும் கப்பலும் வேறு வேறாக ஆடும்போது ஒரு எட்டு வைத்து ஏற வேண்டும். ஊழியர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனாலும் அப்பாவுக்கு முடியுமா என்று அங்கே போய்ப் பார்த்து முடிவெடுங்கள். அவர் அன்று கப்பலிலேயே இருந்துவிட்டாலும் நஷ்டமில்லை. ஆளில்லாத கப்பலில்தான் நாற்காலி கிடைக்கும். கடல் சீறினால் கேப்டன் புக்கெட்டையே விட்டுவிட்டுத் திரும்பக்கூடும். அதற்குத் துறைமுக வரி திரும்பி வரும், டிக்கெட் பணம் வராது.

இன்னொன்று. தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் இறங்கியதும் உங்கள் போன் தானாக அந்த நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். நாலு மணிக்குக் கடைசிப் படகு என்றால் உங்கள் போன் அப்போது மூன்று என்று காட்டும். போனை நம்பி வந்தவர்கள் கரையில் நின்று கப்பலுக்குக் கையசைக்க வேண்டியதுதான். அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்து அதையே எல்லாரும் பாருங்கள். புக்கெட்டில் வெளியாள் வண்டி பிடித்துத் தூரமாகப் போகாதீர்கள். கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை.

கடைசி இரவு பெட்டிகளுக்குப் புது அட்டை கட்டி, பதினொரு மணிக்குள் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துப் போய்விடுவார்கள், அப்புறம் முனையத்தில்தான் பார்க்க முடியும். என் மாமனார் ஒழுங்கானவர். எல்லாச் சட்டையையும் மடித்து, எல்லாப் பேன்ட்டையும் மடித்து, பூட்டி, தானே இழுத்து வெளியே வைத்துவிட்டுக் கைலியோடு படுத்தார். காலையில் சிங்கப்பூர் குடிநுழைவு வரிசையில் கட்டம் போட்ட கைலியும் என்னுடைய டி-ஷர்ட்டுமாக அவர்தான் நின்றார். அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தமிழில் “நல்லா தூங்கினீங்களா ஐயா?” என்று கேட்டு முத்திரை குத்தினார். அடுத்த நாள் உடுப்பைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கவும் அனுமதி உண்டு, ஆனால் முட்டிவலியோடு அது வேண்டாம். இறங்குவது காலை ஏழிலிருந்து பத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். சென்னை விமானத்தை மதியம் ஒன்றுக்கு முன் போடாதீர்கள், மாலையில் இருந்தால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்கும் நேரம் கிடைக்கும்.